ஊதுவதா, உமிழ்வதா? ஓர் இரைப்பைச் சோதனைத் தொகுப்பின் மதிப்பீடு

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இரைப்பைப் பாக்டீரியாவைக் கண்டறிய நான் வாங்கிய சோதனைத் தொகுப்பில் மூன்று பொருள்கள் இருந்தன: யூரியா மூச்சுச் சோதனை, இரத்தத்தில் எதிர்பொருள் (ஆன்டிபாடி) பார்க்கும் சோதனை, எச்சிலிலிருந்து எடுக்கப்படும் ‘நோய் எதிர்ப்பு மரபணு அறிக்கை’. மேல்வயிற்று எரிச்சல் விடாமல் தொடர்ந்ததால் மருத்துவர் எழுதிக் கொடுத்தது முதலாவதை மட்டுமே. மற்ற இரண்டும் ஆய்வகத்தின் முன்மேசையில், கிருமி இருக்கிறதா என்று பார்க்க மூன்றும் உதவும், சேர்த்து எடுத்தால் சலுகை என்ற பேச்சோடு வந்து ஒட்டிக்கொண்டவை. மூன்றில் விலை மிகுந்தது மரபணு அறிக்கைதான். தொகுப்பின் விலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் அந்த அறிக்கை, கிருமி இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்கிறது என்பதைப் பார்க்கவே இதை எழுதுகிறேன். ஆய்வகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஒரு கடையைச் சாடுவதைவிட, விற்கப்படும் பொருளை எடைபோடுவதே வாங்கப்போகிறவர்களுக்குப் பயன்படும்.

மூச்சுச் சோதனையிலிருந்து தொடங்குகிறேன். தொகுப்பில் கொடுத்த காசுக்கு ஈடான பொருள் அதுதான். இந்தப் பாக்டீரியா இரைப்பை அமிலத்தில் தாக்குப்பிடிப்பதற்காக யூரியேஸ் என்ற நொதியை ஏராளமாக உண்டாக்குகிறது. அந்த நொதி யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிளக்க, அம்மோனியா கிருமியைச் சுற்றியுள்ள அமிலத்தின் வீரியத்தைக் குறைக்கிறது. சோதனை இந்தப் பழக்கத்தைத்தான் காட்டிக்கொடுக்க வைக்கிறது. கார்பன்-13 என்ற, கதிரியக்கம் இல்லாத, சற்றுக் கனமான கார்பன் அணுவைக் கொண்ட யூரியாவை நாம் குடிக்கிறோம். கிருமி இருந்தால் அந்தக் கார்பன் கரியமில வாயுவாகி, இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறுகிறது. கார்பன்-14 அடங்கிய மாத்திரையைப் பயன்படுத்தும் ஆய்வகங்களும் உண்டு. அதில் கதிரியக்கம் மிகச் சொற்பமே என்றாலும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதைத் தவிர்ப்பார்கள் என்பதால், எந்த வகை என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

வெறும் வயிற்றில் சென்றதும் வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொன்னார்கள். வாயில் இருக்கும் வேறு பாக்டீரியாக்களுக்கும் யூரியாவைப் பிளக்கும் திறன் உண்டு என்பதால், இது வெறும் சம்பிரதாயம் அன்று. பிறகு உறிஞ்சுகுழாய் பொருத்திய சிறு பையில் ஊத வேண்டும். பொறுப்பில் இருந்த பெண், “மூச்சை நல்லா இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் ஊதுங்க சார், முதல்ல வர்ற காத்து வாய்க்காத்து, அது நமக்கு வேண்டாம்” என்று சொல்லி, நான் அவசரப்பட்டு ஊதிய பையை ஒதுக்கிவிட்டு வேறொரு பையைக் கொடுத்தார். அடுத்து எலுமிச்சைப் புளிப்புடன் ஒரு பானம். அந்தப் புளிப்பு சுவைக்காகச் சேர்த்ததன்று; சிட்ரிக் அமிலம் பானத்தை இரைப்பையிலேயே சற்று நேரம் தங்க வைப்பதோடு, கிருமியின் யூரியேஸ் செயல்பாட்டையும் முடுக்கிவிடுகிறது. ஏறத்தாழ அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இரண்டாவது பையில் ஊதினால் வேலை முடிந்தது. இரண்டு பைகளிலும் உள்ள கார்பன்-13 விகிதத்தின் வேறுபாடு எண்ணாக வருகிறது. பல கருவிகளில் ஆயிரத்துக்கு 4 என்ற அளவை ஒட்டி எல்லைக்கோடு வைத்திருக்கிறார்கள். என் எண் அந்தக் கோட்டைப் பல மடங்கு தாண்டியிருந்தது, கிருமி இருக்கிறது. முறையாகச் செய்தால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் சரியாகச் சொல்லிவிடும் சோதனை இது.

முறையாகச் செய்தால் என்ற நிபந்தனையில்தான் இந்த ஆய்வகம் சறுக்குகிறது. ஒமிபிரசோல், பேன்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகள் கிருமியின் எண்ணிக்கையையும் யூரியேஸ் செயல்பாட்டையும் தற்காலிகமாக அமுக்கிவிடும். எனவே அவற்றைக் குறைந்தது இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக்குகளையும் பிஸ்மத் மருந்துகளையும் நான்கு வாரமும் நிறுத்திய பிறகே ஊத வேண்டும் என்பது பாலபாடம். எனக்கு வந்த குறுஞ்செய்தியிலோ இரவு முழுவதும் எதுவும் சாப்பிட வேண்டாம், ஆதார் அட்டை கொண்டுவரவும் என்ற இரண்டு அறிவுரைகளைத் தவிர வேறெதுவும் இல்லை. பதிவுப் படிவத்திலும் மாத்திரை பற்றிய கேள்வி இல்லை. என் மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் எனக்குச் சேதமில்லை. ஆனால் காலையில் பல் துலக்கியதும் ஒரு ‘கேஸ் மாத்திரை’யைப் போட்டுக்கொள்வதை வழக்கமாகவே வைத்திருப்பவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர் அப்படியே வந்து ஊதிவிட்டு, கிருமி இல்லை என்ற தாளுடன் நிம்மதியாக வீடு திரும்பினால், அந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது. மரபணு அறிக்கைக்குப் பல வண்ணத்தில் விளம்பரத் தாள் அச்சிடும் நிறுவனம் இந்த ஒரு வரியைச் சேர்க்காதது என்ன காரணத்தாலோ விளங்கவில்லை.

எதிர்பொருள் சோதனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்பொருள், கிருமி ஒழிந்த பின்னும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் இருக்கும்; ஆகையால் அது இன்றைய தொற்றா பழைய தொற்றா என்று பிரித்துச் சொல்லாது, சிகிச்சை பலித்ததா என்றும் காட்டாது. இந்தியாவில் வளர்ந்தோரில் சரிபாதியோ அதற்கு மேலோ இந்தக் கிருமியைச் சுமந்திருக்கும் நிலையில், எதிர்பொருள் இருக்கிறது என்ற தகவலின் பெறுமதி இன்னும் குறைகிறது. அந்த இடத்தில், மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் மல ஆன்டிஜென் சோதனையை வைத்திருந்தால் தொகுப்புக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். மூச்சுச் சோதனைக் கருவி இல்லாத ஊர்களில் அதற்கு நிகரான, பெரும்பாலும் விலை குறைந்த மாற்று அதுதான். மலம் கொண்டுபோய்க் கொடுக்க நமக்குள்ள கூச்சத்தைத் தவிர அதில் குறை சொல்ல அதிகம் இல்லை.

இனி மரபணு அறிக்கை. எச்சிலைத் துப்பும் குழாயில் ஒரு கோடு இருக்கிறது. நுரையைச் சேர்க்காமல் அந்தக் கோடு வரை நிரப்ப வேண்டும், அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து எதையும் உண்ணவோ பருகவோ கூடாது. வாரங்கள் கழித்து வந்த அறிக்கை அச்சிலும் வடிவமைப்பிலும் உயர்தரமானது. முதல் பக்கத்திலேயே பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிறத்தில் அரைவட்ட முள்மானி ஒன்று. என் முள் ஆரஞ்சில் நின்று ‘மிதமான தொற்று அபாயம்’ என்றது. உள்ளே ஐஎல்1பி, டிஎல்ஆர்4, டிஎல்ஆர்1, டிஎன்எஃப் ஆகிய எதிர்ப்பாற்றல் மரபணுக்களுக்கும், மருந்துச் செரிமானத்தோடு தொடர்புடைய சிஒய்பி2சி19 மரபணுவுக்கும் ஆளுக்கொரு பக்கம். ஒவ்வொன்றிலும் என் மரபணு எழுத்துகள் எந்த வகை, அது ‘சாதகமா பாதகமா’ என்ற குறிப்பு.

இந்த மரபணுக்களின் பெயர்கள் இட்டுக்கட்டியவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னும் மதிக்கத்தக்க ஆய்வு இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுகள் கேட்ட கேள்வி வேறு. ஐஎல்1பி மரபணு இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தை ஆக்குகிறது. அந்தப் புரதம் இரைப்பை அமிலச் சுரப்பை வலுவாக அடக்கவும் கூடியது. கிருமி இருக்கும் ஒருவருக்கு இந்தப் புரதம் மிகுதியாகச் சுரந்தால் அமிலம் குறைந்து, அழற்சி இரைப்பையின் உடற்பகுதி முழுதும் பரவி, காலப்போக்கில் சளிப்படலம் தேய்ந்துபோகும் வாய்ப்பு கூடும். 2000ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, ஸ்காட்லாந்திலும் போலந்திலும் ஆட்களை ஆராய்ந்து, இந்த மரபணுவின் சில வகைகளுக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காட்டியது. பின்னர் ஆசிய மக்களிடையே நடந்த ஆய்வுகளில் முடிவுகள் ஒன்றுபோல் வரவில்லை. கவனிக்க வேண்டியது, கிருமி தொற்றியவர்களில் யாருக்கு நிலைமை மோசமாகும் என்பதே அந்த ஆய்வின் கேள்வி. கிருமி யாரிடம் இருக்கிறது என்பதன்று. அறிக்கையோ இந்த மரபணுவையும் ‘தொற்று அபாயம்’ என்ற தலைப்பின் கீழேயே அடுக்கியிருக்கிறது.

டிஎல்ஆர்1 கதை இன்னும் நுட்பமானது. 2013இல் ஜெர்மனியின் பொமரேனியாவிலும் நெதர்லாந்தின் ரோட்டர்டாமிலும் மொத்தம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரின் மரபணுத் தொகுதி முழுவதையும் அலசிய ஆய்வு ஒன்று, இந்த மரபணு இருக்கும் பகுதிக்கும் இந்தக் கிருமித் தொற்றுக்கும் தொடர்பு இருப்பதாகக் கண்டது. ஆனால் அங்கே ஒப்பிடப்பட்டது, இரத்தத்தில் எதிர்பொருள் அளவு மிக உயர்ந்திருந்த கால் பங்கினரையும் மீதி முக்கால் பங்கினரையுமே. மூச்சிலோ திசுவிலோ யாரும் கிருமியைத் தேடவில்லை. எனவே அந்த மரபணு வகை கிருமியைத் தள்ளிவைக்கிறதா, கிருமி இருந்தும் எதிர்பொருளைக் குறைவாக உண்டாக்குகிறதா என்ற ஐயம் எழுவது இயல்பு. அறிக்கையின் அந்தப் பக்கத்தில் இந்த ஐயத்தின் சாயல்கூட இல்லை. ‘உங்கள் உடல் இந்தக் கிருமியை நன்கு அடையாளம் காணும்’ என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். அடுத்த பக்கத்தில் மூச்சுச் சோதனை அதே உடலில் கிருமி நிறைந்திருப்பதைச் சொல்கிறது. இரண்டு தாள்களையும் ஒரே உறையில் போட்டு அனுப்பியவர்கள் இதைப் படித்துப் பார்க்கவில்லை போலும்.

டிஎல்ஆர்4 பக்கத்தில் வாள் ஏந்திய காவல்வீரன் படம். பல பாக்டீரியாக்களின் மேலுறைக் கொழுப்புச் சர்க்கரையை உணர்ந்து அபாயமணி அடிக்கும் ஏற்பி அது என்பது உண்மை. ஹெலிகோபாக்டர் பைலோரியின் சாமர்த்தியமே அந்த மணியை அடிக்க விடாமல் உள்ளே நுழைவதில் இருக்கிறது. அதன் மேலுறை டிஎல்ஆர்4 எளிதில் கண்டுகொள்ளாதபடி மாற்றப்பட்டிருக்கிறது. நீந்த உதவும் கசையிழையும் டிஎல்ஆர்5 ஏற்பியின் கண்ணில் படாத வடிவில் இருக்கிறது. கிருமி மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வேறோர் இடத்தில்: வீரிய வகைகள் ஊசிபோன்ற அமைப்பு ஒன்றால் காக்-ஏ என்ற புரதத்தை இரைப்பைச் செல்லுக்குள் செலுத்தும்போது கிருமிச் சுவரின் துணுக்குகளும் உள்ளே போக, செல்லுக்குள் இருக்கும் நாட்1 என்ற உணரி அவற்றைப் பிடித்து இன்டர்லூக்கின்-8 என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கத் தூண்டுகிறது, அதைத் தொடர்ந்து வெள்ளணுக்கள் திரள்கின்றன. இந்தக் கதையின் முக்கியப் பாத்திரமான நாட்1 என் அறிக்கையில் இடம்பெறவே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, எச்சில் மரபணுவின் அடிப்படைக் குறை ஒன்று உண்டு. அதற்கு எந்த ஆய்வையும் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. நம் மரபணு எழுத்துகள் பிறவியில் அமைந்தவை. கிருமியோ பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் வீட்டாரிடமிருந்து வந்து சேர்வது, மருந்து சாப்பிட்டால் போய்விடக்கூடியது. கிருமி வருவதற்கு முன்னும், இருக்கும்போதும், போன பின்னும் இந்த அறிக்கையில் ஓர் எழுத்துகூட மாறாது. பிறந்த நட்சத்திரத்தைக் கேட்டுக்கொண்டு இன்று காய்ச்சல் அடிக்கிறதா என்று சொல்வதைப் போன்றதே இது. அறிக்கையோடு இலவசமாகக் கிடைத்த தொலைபேசி ஆலோசனையில் இதையே கேட்டேன். பேசிய ஆலோசகர் நேர்மையானவர். “சிகிச்சைக்கு அப்புறம் எடுத்தாலும் இதேதான் சார் வரும், தொற்று இருக்கா இல்லையான்னு பார்க்க இதை வச்சுக்காதீங்க” என்று தயங்காமல் சொன்னார். முன்மேசையில் இருந்தவர்கள் சொன்னதற்கு நேர் எதிர் இது.

எதிர்ப்பாற்றல் மரபணுக்களை வைத்து நோயறிதல் என்ற எண்ணமே வீண் என்று இதற்குப் பொருளில்லை. மரபணுவின் எழுத்தைப் படிப்பது ஒன்று. இரைப்பைத் திசுவில் எந்த மரபணு இப்போது எவ்வளவு முனைப்பாக வேலை செய்கிறது என்று அளப்பது வேறொன்று. கிருமி இருக்கும் சளிப்படலத்தில் இன்டர்லூக்கின்-8, இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்லூக்கின்-17 போன்றவற்றின் மரபணு வெளிப்பாடு தெளிவாக உயர்கிறது. கிருமி ஒழிந்தால் இறங்குகிறது. ஆகவே இவை உண்மையிலேயே நிகழ்காலத்தைப் பேசும் குறிப்பான்கள். பொதுத் தரவுத்தளங்களில் இருக்கும் திசுத் தரவுகளைக் கணினிக்குக் கொடுத்து, தொற்றைப் பிரித்துக் காட்டும் சில எதிர்ப்பாற்றல் மரபணுக்களைப் பொறுக்கியெடுக்கும் கட்டுரைகள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது, ஒப்பீட்டுக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதை. தொற்றுள்ளவரை முழு ஆரோக்கியமானவரோடு ஒப்பிட்டால் அழற்சியைக் காட்டும் எந்த மரபணுவும் தேறிவிடும். தன் உடலையே தாக்கும் வகை இரைப்பை அழற்சி உள்ளவரோடு ஒப்பிட்டும் தேறினால்தான் அது கிருமியின் குறிப்பான்; இல்லையேல் அழற்சியின் குறிப்பான் மட்டுமே.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், திசு வேண்டுமானால் எண்டோஸ்கோப்பி செய்தாக வேண்டும். குழாயை விட்டுத் துணுக்கு எடுத்த பிறகு அதை யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லில் வைத்தால், கிருமி இருப்பின் அது இளஞ்சிவப்பாக மாறிவிடும். இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டி, ராபின் வாரனோடு 2005இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பாரி மார்ஷல் வகுத்த எளிய சோதனை அது. செலவு சொற்பம், விடை பெரும்பாலும் அன்றைக்கே. அதே துணுக்கை மரபணு வெளிப்பாட்டு ஆய்வுக்கு அனுப்புவதற்கு நியாயம் எங்கே இருக்கக்கூடும் என்றால், மற்றவை தோற்கும் இடங்களில்: புண்ணிலிருந்து இரத்தம் கசியும்போதும், அமில மாத்திரையை நிறுத்தவே முடியாதவர்களிடமும், சளிப்படலம் தேய்ந்து கிருமி அருகிப்போன இரைப்பையிலும் நேரடிச் சோதனைகள் ‘இல்லை’ என்று தவறாகச் சொல்வதுண்டு. அங்கே உடலின் எதிர்வினை ஒரு சாட்சியாகலாம். ஆனால் என் தொகுப்பில் விற்கப்பட்டது இது அன்று.

என் அறிக்கையில் உருப்படியான பக்கம் கடைசிப் பக்கம். சிஒய்பி2சி19 வகையைப் பொறுத்து ஒமிபிரசோல் போன்ற மருந்துகளைச் சிலரது கல்லீரல் வேகமாகச் சிதைத்துவிடும். அவர்களுக்கு அமிலம் போதிய அளவு அடங்காமல், கிருமி ஒழிப்பு மருந்துகள் முழுப் பலன் தராமல் போகலாம். ரபிபிரசோல் இதனால் குறைவாகவே பாதிக்கப்படும். புதிதாக வந்துள்ள வோனோபிரசானும் இந்த நொதியைப் பெரிதாகச் சார்ந்திருப்பதில்லை. இதற்காக எல்லோரும் மரபணு பார்க்க வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் சொல்லவில்லை என்றாலும், மருத்துவர் அந்தப் பக்கத்தை மட்டும் நின்று படித்தார்.

மரபணுவுக்குத்தான் செலவழிப்பேன் என்பவர்கள் நம் மரபணுவைவிடக் கிருமியின் மரபணுவுக்குச் செலவழிக்கலாம். கிருமியின் 23எஸ் ரைபோசோம் மரபணுவில் ஏற்படும் ஓரெழுத்து மாற்றம் கிளாரித்ரோமைசின் மருந்தை வீணாக்கிவிடுகிறது. அதைத் திசுவிலோ மலத்திலோ, மரபணுத் துணுக்கைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறையில் கண்டறியலாம். மெட்ரோனிடசோல் என்ற மற்றொரு மருந்துக்கு அடங்காத கிருமிகளும் இந்தியாவில் மிகப் பரவலாக இருக்கும் நிலையில், முதல் சிகிச்சை தோற்றுப்போன ஒருவருக்கு எந்த மருந்து பலிக்கும் என்ற தகவலைவிட மதிப்புள்ளது வேறில்லை. இந்த ஆய்வகத்தின் பட்டியலில் அது இல்லை. எனக்கு 14 நாள் பிஸ்மத் நான்மருந்துச் சிகிச்சையைத் தந்த மருத்துவர், மருந்து முடிந்து நான்கு வாரத்துக்குப் பின் மறுபடி மூச்சுச் சோதனை மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

புற்றுநோய் அச்சத்தால் இந்த அறிக்கையை வாங்க நினைப்பவர்களும் இருப்பார்கள். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994லேயே இந்தக் கிருமியை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக, அதாவது உறுதியான காரணியாக, வரையறுத்தது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் ஆண்களிடையே இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்துவருகிறது. எனவே அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் மரபணுவும் கிருமியும் சேர்ந்து அபாயத்தை ஏற்றுவதற்கு இதுவரை கிடைத்த வலுவான சான்றுகளில் ஒன்று, 2023இல் ஜப்பானிலிருந்து வந்தது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, ஏடிஎம், பிஏஎல்பி2 ஆகியவற்றில் பிறவிக் கோளாறு உடையவர்களுக்குக் கிருமியும் இருந்தால், 85 வயதுக்குள் இரைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 45.5 விழுக்காடு, கோளாறு இல்லாமல் கிருமி மட்டும் உள்ளவர்களுக்கு 14.4 விழுக்காடு. இவை எதிர்ப்பாற்றல் மரபணுக்களே அல்ல, டிஎன்ஏ பழுதுநீக்கும் மரபணுக்கள். என் அறிக்கையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. குடும்பத்தில் இந்த மரபணுக்களோடு தொடர்புடைய புற்றுநோய்கள் இருப்பவர்கள் முள்மானி அறிக்கைகளை விட்டுவிட்டு மரபியல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். எடைக் குறைவு, கறுப்பு மலம், விழுங்கச் சிரமம் போன்ற அறிகுறி உள்ளவர்கள் எந்தத் தொகுப்பையும் வாங்காமல் நேரே எண்டோஸ்கோப்பிக்குப் போக வேண்டும்.

என் அறிக்கையின் உணவுப் பக்கத்தில் புரோக்கோலி முளைகளையும் கிரான்பெரிச் சாற்றையும் பரிந்துரைத்திருந்தார்கள். எந்த நாட்டு வாடிக்கையாளருக்கு எழுதியதை எனக்கு அனுப்பினார்களோ தெரியவில்லை. அதைவிடக் கவலைக்குரியது ஒப்புதல் படிவம். எச்சில் மாதிரியை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த இசைவு என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் அடித்திருந்தது. அதை நீக்கச் சொன்னபோது மறுக்கவில்லை, வேறு படிவம் தந்தார்கள். அறிக்கை வந்த பின் மாதிரியை அழித்துவிடும்படி மின்னஞ்சல் அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்ற தானியங்கிப் பதிலைத் தவிர இதுவரை வேறு தகவல் இல்லை.